ஏழு டன் குளிர்ச்சி

சென்ற ஆண்டு வரை கள்ளக்குறிச்சிப் பக்கத்து மனிதர்கள் தங்கள் இஷ்டத்துக்குக் குளிர்ந்துகொண்டிருந்தார்கள். வசதி உள்ளவர் கடைக்குப் போனார், ஒரு டன்னோ ஒன்றரை டன்னோ ஏசி வாங்கினார், சுவரில் மாட்டினார், கீழே பாய் போட்டுப் படுத்தார். இந்த அராஜகத்தை இனியும் விட்டுவைக்க முடியாது என்று மேலிடத்தில் யாருக்கோ தோன்றவே, இல்லக் குளிர்ச்சி அளவு நிர்ணயக் கழகம் பிறந்தது. சின்ன அறைக்குப் பெரிய ஏசியும் பெரிய அறைக்குச் சின்ன ஏசியும் மாட்டி மக்கள் தங்களைத் தாங்களே ஏமாற்றிக்கொள்வதைத் தடுப்பது அதன் நோக்கம். ஊர் வழக்கில் அதற்குக் கூலிங் ஆபீஸ் என்று பெயர். அதன் அளவுச் சான்று இல்லாமல் மாவட்டத்தில் எந்தக் கடையும் ஏசி விற்கக் கூடாது. மின்விசிறியை மட்டும் விட்டுவைத்தார்கள். அதற்கு ஒரு துணைக்குழு அமைப்பது பரிசீலனையில் இருப்பதாகக் கேள்வி.

கழகத்தின் தலைமை அலுவலகம் கல்வராயன் மலைமேல், வெள்ளிமலையில் இருந்தது. ஏசி வேண்டுபவர்கள் எல்லாம் கீழே இருக்க, அலுவலகம் ஏன் மேலே என்று கேட்டவர்களுக்குத் தயாராக ஒரு பதில் வைத்திருந்தார்கள். வெப்பத்தைப் பற்றி முடிவெடுப்பவர்கள் வெப்பத்தால் பாதிக்கப்பட்டவர்களாக இருந்தால் தீர்ப்பில் பாரபட்சம் வந்துவிடுமாம். கிளை அலுவலகம் கள்ளக்குறிச்சியில், தகரக் கூரைக்குக் கீழே இருந்தது. அங்கே ஏசி கிடையாது. அவர்களுடைய மனுவும் நிலுவையில் இருந்தது.

மணலூர்பேட்டை சின்னராசுவுக்கு இந்தக் கழகத்தோடு எந்தப் பகையும் இல்லை. கரும்பு போடுகிறவர். அவருக்கு வேண்டியது ஒரே ஓர் அறையில் குளிர்ச்சி, அதுவும் கத்திரி வெயில் தொடங்குவதற்குள். மகள் சந்தியாவுக்கு எட்டாவது மாதம். உளுந்தூர்பேட்டையில் வாழ்க்கைப்பட்டிருந்தவள் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வர வேண்டும். வளைகாப்பு அன்றைக்கு, பந்தியில் கடைசி இலை எடுத்த பிறகு, அவள் மாமியார் செல்லியம்மாள் ஒரு நிபந்தனை வைத்துவிட்டார்.

"எங்க வூட்ல ஏசி ரூம்புல படுத்துக்கினு இருக்கற பொண்ணு. அத கொண்டுபோயி உங்க மாடி ரூம்புல கத்திரி வெயில்ல வேக வெக்கிறதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன் சம்மந்தி. ரூம்ப ஜில்லுனு பண்ணுங்க. மறுநாளே நானே இட்டாந்து வுடறேன்."

கெட்ட எண்ணத்தில் சொன்ன பேச்சில்லை. ஆனால் சின்னராசுவின் மனைவி ஆண்டாளுக்கு அன்று முழுக்க முகம் விழுந்துவிட்டது. ஆண்டாள் பிள்ளை பெற்றபோது பக்கத்தில் இருக்க அவருக்குத் தாய் இல்லை. நாத்தனார் ஊற்றிய வெந்நீரில் குளித்து எழுந்தவர். தன் மகளுக்கு அப்படி ஆகக் கூடாது என்று சுக்கு, திப்பிலி, பூண்டு, பிரசவ லேகியத்துச் சாமான் அத்தனையும் தை மாதமே வாங்கி டப்பாவில் போட்டு மூடி வைத்திருந்தார். குறைவது மகள் மட்டும்தான்.

சின்னராசு கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறி, தமிழ்வேந்தனின் ஏசி கடைக்குப் போனார். தமிழ்வேந்தன் நான்கு கேள்வி கேட்டார். மாடி அறையா, மேலே காங்கிரீட்டா, மேற்குச் சுவரில் வெயில் விழுகிறதா, பத்துக்குப் பன்னிரண்டா. நான்குக்கும் ஆமாம் என்றார் சின்னராசு.

"ஒன்றரை டன் போட்டுக்கோங்க. ஒரு டன் போட்டா நாள் பூரா மூச்சு வாங்கிக்கினு ஓடும், ரூம்பு குளிராது. ரெண்டு டன் போட்டா பொசுக்குனு குளிர வெச்சுட்டு நின்னுடும், ஈரம் போவாது, புள்ளத்தாச்சிக்கு ஆவாது. உங்க ரூம்புக்கு ஒன்றரைதான்."

விஷயம் அரை நிமிடத்தில் முடிந்தது. முடிந்துவிட்டதே என்று தமிழ்வேந்தனுக்கே பயம் வந்தது. கடையின் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இப்ப நான் சொன்னத வெளிய சொல்லிடாதீங்க. சான்று இல்லாம அளவு சொன்னா குத்தம். கூலிங் ஆபீஸ் போயி எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுக்க வேண்டிய படிவத்தில் நாற்பத்தெட்டு கேள்விகள் இருந்தன. அறையில் தங்குவோர் பெயர், வயது, எடை. எளிதில் கோபப்படும் இயல்பு உண்டா. அறையில் சமைப்பதுண்டா, இல்லையெனில் ஏன் இல்லை. சின்னராசு எல்லாவற்றுக்கும் உண்மையே எழுதினார். சர்க்கரை ஆலைக்கு முப்பது வருடம் கரும்பு கொடுத்தவர். படிவத்தில் பொய் எழுதினால் வண்டி திரும்பி வரும் என்று அவருக்குப் பாடம். கோபம் என்ற இடத்தில் ஆண்டாளைக் கேட்டுக்கொண்டு ஆம் என்று போட்டார்.

பத்து நாள் கழித்து உதவி அளவு நிர்ணய அலுவலர் கவியரசன் ஆய்வுக்கு வந்தார். காலை ஏழு மணிக்கே வந்துவிட்டார். கழகத்தின் வெப்பமானி முப்பத்தைந்து டிகிரிக்கு மேல் போனால் பழுதாகிவிடும் என்பதால் ஆய்வுகள் எல்லாம் வெயில் ஏறுவதற்கு முன்பே நடந்தன. நல்ல மனிதர். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. டேப் பிடித்து அளந்தார், ஜன்னலைத் திறந்து மூடினார், சுவரைத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். தங்குவோர் யார் என்றார். மகள், அவள் அம்மா என்றார் சின்னராசு. வருவோர் யார் என்றார் அடுத்து.

அங்கேதான் சின்னராசு தவறு செய்தார்.

"புள்ள பொறந்தா பாக்க வராம இருப்பாங்களா சார்? தெருவே வரும்."

கவியரசனின் பேனா நின்றது. ஓர் அறையின் குளிர்ச்சித் தேவை, அதில் அதிகபட்சமாகச் சேரக்கூடிய ஆட்களை வைத்தே கணக்கிடப்பட வேண்டும் என்பது விதி. ஒவ்வொரு மனிதரும் கழகத்தின் பார்வையில் ஓர் அடுப்பு. ஆகவே பிறக்கப்போகும் குழந்தையைப் பார்க்க உத்தேசித்துள்ளவர்கள் அனைவரும் அப்போதே அறைக்குள் வந்து நின்று கையெழுத்திட வேண்டும் என்றார். தெரு திரண்டு வந்தது. ஏதோ கொடுக்கிறார்கள் என்று நினைத்த செல்லமுத்து இரண்டு தடவை வந்து நின்றார். இரண்டு தடவையும் எண்ணப்பட்டார். பச்சையம்மாள் தன் ஆட்டையும் பிடித்துக்கொண்டு வந்தார். அதைத் தனியே விட்டால் கத்தும் என்றார். ஆடு அரை ஆளாகக் கணக்கில் ஏறியது. மொத்தம் நாற்பத்தொன்றரை. கவியரசன் ஜன்னல் கட்டையில் தாளை வைத்து வெகுநேரம் கூட்டிப் பெருக்கினார்.

"ஏழு டன்" என்றார்.

சின்னராசுவுக்கு அதுவரை டன் என்ற சொல் எடை மேடையில் மட்டும் புழங்கிய சொல். வாழ்நாளெல்லாம் டன்னில் வெட்டி, டன்னில் ஏற்றி, டன்னில் சண்டை போட்டவர். ஒன்றரை டன் என்று கடைக்காரர் சொன்னபோது, கம்பெனிக்காரன் இரும்பைக் கொஞ்சம் ஜாஸ்தி போட்டிருக்கிறான் என்று மனதுக்குள் சமாதானம் செய்துகொண்டிருந்தார். ஏழு டன் என்றதும் மேற்குச் சுவரைப் பார்த்தார்.

"சார், ஏழு டன்னுன்னா ஒரு டிராக்டர் லோடு கரும்பு. எங்க செவுரு தாங்காதுங்களே."

ஏசியின் டன் எடையைச் சொல்வதில்லை. ஒரு டன் பனிக்கட்டி ஒரு நாளில் உருகும்போது எத்தனை வெப்பத்தை இழுத்துக்கொள்ளுமோ, அந்தக் கணக்கு அது. தமிழ்வேந்தனுக்கு இது தெரியும். அவர் கடை வாசலில் பெட்டி இறக்குகிறவருக்கும் தெரியும். கழகத்தில் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டிய பதவி மட்டும் காலியாக இருந்தது. கவியரசனும் சுவரைப் பார்த்தார். அவர் முகத்திலும் ஒரு பயம் வந்தது. பிறகு குனிந்து எழுதினார்: சுவர் தாங்காது என மனுதாரரே ஒப்புக்கொண்டார்.

அடுத்த வாரம் கடிதம் வந்தது. ஏழு டன் தாங்காத சுவரில் ஏழு டன் பொருத்த அனுமதி கேட்ட செயலை, நாற்பத்தொன்றரைப் பேரின் உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் முயற்சியாக ஏன் கருதக் கூடாது என்று அதில் கேட்டிருந்தார்கள். சின்னராசு கிளை அலுவலகத்துக்கு ஓடினார். தான் கேட்டது ஒன்றரைதான் என்றார். கவியரசன் பொறுமையாக விளக்கினார். "கேட்டவர் நீங்கள். அளந்தவர்கள் நாங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் பிறகு அளப்பது எதற்கு?" ஒரு வழி இருப்பதாகவும் சொன்னார். கட்டடம் ஏழு டன் தாங்கும் என்று சுமைச் சோதனையில் நிரூபித்துவிட்டால் போதும்.

சுமைக்குச் சின்னராசு எங்கே போவார்? அந்த வாரம் ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்திருந்தது. வெட்டிய கரும்பில் ஏழு டன்னை எடை மேடையில் நிறுத்திச் சீட்டு வாங்கி, ஆள் விட்டு ஏற்றி, மொட்டை மாடி முழுக்கக் காய்ந்த தோகையான சோகையோடு பரப்பினார். தெருவில் போனவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். ஆலைக்குப் போக வேண்டிய கரும்பு மாடிக்கு ஏறியதை அந்த ஊர் அதுவரை கண்டதில்லை. கட்டடம் தாங்கியது. காலையிலிருந்து மாலை வரை கவியரசன் எதிர் வீட்டு நிழலில் உட்கார்ந்து அது விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். மாலையில் கரும்பை இறக்கி மறுபடி நிறுத்தியபோது ஏழு டன் இல்லை. வெயிலில் காய்ந்து எடை குறைந்திருந்தது. வெட்டிய கரும்பு காயும் என்பது விவசாயிக்குத் தெரியும், ஆலைக்கு அதைவிட நன்றாகத் தெரியும். ஆகவே சோதனை நடந்தது ஏழு டன்னுக்கு இல்லை என்று கவியரசன் எழுதினார்.

கரும்பு இறங்குவதற்கு முன் ஒரு சின்ன விஷயம் நடந்தது. ஆண்டாள் மாடி அறையைப் பெருக்கப் போனவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னாங்க, இங்க வந்து பாருங்க. ரூம்பு ஜில்லுனு இருக்குது."

நாள் முழுக்க ஒரு ஆள் உயரக் கரும்பும் சோகையும் மேலே மூடிக் கிடந்தால் அறை குளிராமல் என்ன செய்யும்? கவியரசன் ஓடி வந்து வெப்பமானியை வைத்தார். அறை ஏற்கனவே குளிர்ச்சியாக உள்ளது, தேவை பூஜ்யம் டன் என்று எழுதிக்கொண்டார். ஆண்டாள் வாயைப் பொத்திக்கொண்டார். பொத்தி என்ன பயன்? சொன்னது கோப்பில் ஏறிவிட்டது.

ஒரே கோப்பில் ஒரே அறைக்கு ஏழு என்றும் பூஜ்யம் என்றும் இரண்டு அளவுகள் இருந்தால் கிளை அலுவலகம் அதைத் தொடக் கூடாது. கோப்பு மலையேறியது. கத்திரியின் மூன்றாம் நாள் வெள்ளிமலையில் விசாரணை என்று கடிதம் வந்தது. அறையில் தங்குவோர் அனைவரும் நேரில் ஆஜராக வேண்டும்.

"புள்ளத்தாச்சிய மலைக்கு வரச் சொல்றானா, அவன் யாரு?" என்று செல்லியம்மாள் போனில் சத்தம் போட்டார். கடைசியில், காலையில் அனுப்புவதாகவும் சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள் சந்தியா உளுந்தூர்பேட்டை திரும்பியாக வேண்டும் என்றும் பேச்சு முடிந்தது. மருமகன் இளவரசன் காரில் கொண்டுவந்து விட்டுவிட்டு, மலையடியில் வண்டிக்கு ஏதோ பார்க்க வேண்டும் என்று இறங்கிப் போனார். ஆண்டாள் எலுமிச்சம்பழத்தோடு காத்திருந்தார். மகள் முகத்தைப் பார்த்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. வளைவுகளில் சுற்றி வந்த மயக்கம் தெளியும் வரை அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். அன்று ஒரு நாள்தான் கைக்கு எட்டும் என்று அவருக்குத் தெரியும்.

விசாரணை அறையில் காற்று சிலுசிலுவென்று வந்துகொண்டிருந்தது. தலைமை அளவு நிர்ணய அலுவலர் தேவதர்ஷினி சால்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சட்ட ஆலோசகர், மப்ளரோடு. கவியரசன் கீழிருந்து வந்த சட்டையோடு நடுங்கிக்கொண்டு நின்றார். தேவதர்ஷினி முதலில் சிறிது பேசினார்.

"மக்களுக்கு எது இயற்கையான வெப்பம், எது ஆடம்பரமான வெப்பம் என்ற வேறுபாடு தெரிவதில்லை. கோடையில் வெயில் அடிப்பது புதிதா? நாங்களும் இங்கே அதை அனுபவித்துக்கொண்டுதான் இருக்கிறோம். நேற்று மதியம் நானே சால்வையைச் சற்றுத் தளர்த்தினேன். யாரிடமாவது மனு கொடுத்தேனா? இந்த ஓராண்டில் ஆயிரத்து இருநூறு மனுக்கள் வந்தன. எங்கள் கண்காணிப்பில், தவறான அளவில் பொருத்தப்பட்ட ஏசி ஒன்றுகூடக் கிடையாது. இந்தச் சாதனையை அண்டை மாவட்டங்கள் வியந்து பார்க்கின்றன."

உண்மைதான். அந்த ஓராண்டில் பொருத்தப்பட்ட ஏசியே ஒன்றுகூடக் கிடையாது.

பிறகு கோப்பைத் திறந்தார். ஏழா, பூஜ்யமா என்ற கேள்விக்குள் போகும் முன் தங்குவோர் எண்ணிக்கையைச் சரிபார்க்க வேண்டும். தாய், மகள், இருவர் என்று படித்துவிட்டுத் தலையை உயர்த்தியவரின் கண் சந்தியாவின் வயிற்றில் நின்றுவிட்டது. சட்ட ஆலோசகரும் பார்த்தார்.

"இவர் ஒருவரா, இருவரா?" என்றார் தேவதர்ஷினி.

சட்ட ஆலோசகருக்கு அன்றுதான் உத்தியோகத்தில் பொழுது விடிந்தது. பிறக்காதவர் தனியாக வெப்பம் வெளியிடுவதில்லை என்ற வகையில் ஒருவர் என்றார். ஆனால் தாயின் வழியாக வெளியிடுகிறார் என்ற வகையில் இருவர் என்றார். ஒருவர் என்று சான்று கொடுத்தால் பிரசவத்தன்று சான்று பொய்யாகிவிடும். இருவர் என்று கொடுத்தால் இன்றைக்கே பொய். இரட்டைக் குழந்தையாக இருந்தால் என்ன செய்வது என்று தேவதர்ஷினி கவலைப்பட்டார். ஸ்கேனில் ஒன்றுதான் என்றாள் சந்தியா. ஸ்கேன் கழகத்தின் கருவி அல்ல என்றார் சட்ட ஆலோசகர்.

சந்தியா நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். "மேடம், உள்ள இருக்கறதுக்கும் சேத்து எனக்குத்தான் வேக்காடு. ஒண்ணோ ரெண்டோ, எப்படி வேணா எழுதிக்கோங்க."

"எப்படி வேண்டுமானாலும் எழுதக் கூடாது என்பதற்காகத்தான் அம்மா கழகமே இருக்கிறது."

மூன்று பேரும் விதிப் புத்தகத்தைப் புரட்டினார்கள். பத்தொன்பதாவது விதி கிடைத்தது. எண்ணிக்கையில் ஐயம் ஏற்பட்டால், அந்த ஐயம் தீரும் வரை சம்பந்தப்பட்ட நபர்கள் பிரிந்து செல்லக் கூடாது. பிரிந்தால் எண்ணிக்கை கலைந்துவிடும். ஆகவே தாயும் மகளும், மகள் ஒருவரா இருவரா என்பது தெளிவாகும் வரை, அலுவலகத்துக்குப் பின்னால் உள்ள கழகத்தின் விருந்தினர் அறையிலேயே தங்கியிருக்க வேண்டும் என்று தேவதர்ஷினி உத்தரவிட்டார். அரசு ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில் இருப்பதால் மனிதாபிமான நோக்கிலும் ஆட்சேபணை இல்லை என்றார்.

சின்னராசு கொதித்து எழுந்தார். சாயங்காலத்துக்குள் பெண்ணைக் கொண்டுபோய் விடுவதாகச் சம்பந்தியிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன், இது என்ன நியாயம் என்று தொடங்கியவரின் காலை ஆண்டாள் மேசைக்கு அடியில் மிதித்தார்.

"நீங்க சும்மா இருங்க" என்றார். பிறகு தேவதர்ஷினி பக்கம் திரும்பினார். "எத்தினி நாளைக்குங்க மேடம்?"

"ஐயம் தீரும் வரை."

"புள்ள பொறந்தாத்தானே தீரும்?"

"அப்படித்தான் தெரிகிறது."

"அது வரைக்கும் எம் பொண்ணு எங்கூட இருக்கலாங்களா?"

"இருக்கலாம் இல்லை அம்மா. இருந்தே ஆக வேண்டும். மீறினால் நடவடிக்கை எடுப்போம்."

ஆண்டாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "சமையக்கட்டு எந்தப் பக்கம் இருக்குதுங்க?" என்றார்.

இளவரசன் வண்டியோடு மேலே வந்தபோது அவர் மனைவி கழகத்தின் காவலில் மோர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். செய்தி உளுந்தூர்பேட்டைக்கு எட்டியதும் செல்லியம்மாள் போனில் பேசிய பேச்சு, சின்னராசு காதிலிருந்து போனைத் தள்ளிப் பிடித்த பிறகும் கேட்டது. அவர் இடையில் ஒரே ஒரு வரி சொன்னார். "ரூம்பு ஜில்லுனுதான் இருக்குதுங்க சம்மந்தி. நீங்க கேட்ட மாரியே." செல்லியம்மாள் போனை வைத்துவிட்டார். மறுநாள் சின்னராசு லேகியச் சாமான் டப்பாக்களை எல்லாம் மூட்டை கட்டி மலையேற்றினார். கழகத்தின் தாழ்வாரத்தில் சுக்கு இடிக்கும் சத்தம் கோப்புகளுக்கு நடுவே கேட்கத் தொடங்கியது. லேகியம் கிண்டிய அன்று மூன்று பிரிவுகளில் வேலை ஓடவில்லை.

இருபத்தாறாம் நாள் சந்தியாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். தாயும் சேயும் விருந்தினர் அறைக்கு வந்த அன்றைக்கே செல்லியம்மாளும் வந்து சேர்ந்தார். ஒவ்வொரு வளைவிலும் வண்டியை நிறுத்தி இறங்கி ஏறி வந்த களைப்பில், சண்டைக்கென்று கீழிருந்து கொண்டுவந்த சொற்கள் பாதிக்கு மேல் வழியிலேயே போய்விட்டிருந்தன. மீதியைக் குழந்தையைப் பார்த்ததும் மறந்துவிட்டார். ஆண்டாள் அதை எடுத்து அவர் மடியில் போட்டார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு முகம். இரண்டு பெண்களும் மூக்கு யார் சாயல் என்பதில் ஒரு முடிவுக்கு வர முடியாமல் இருந்தபோது கதவு தட்டாமலே திறந்தது.

தேவதர்ஷினி, சட்ட ஆலோசகர், வெப்பமானியோடு கவியரசன், கோப்புக் கட்டோடு இன்னொருவர். ஐயம் தீர்ந்துவிட்டதால் எண்ணிக்கையைத் திருத்தி, புதியவரின் வெப்பத்தையும் அளந்து, அன்றைக்கே இறுதி அளவுச் சான்று வழங்கிவிடுவது என்று கழகம் முடிவு செய்திருந்தது. வரலாற்றில் முதல் சான்று. அதற்கு முன்னுரையாக இரண்டு வார்த்தை பேசத் தேவதர்ஷினி தொண்டையைச் சரிசெய்துகொண்டார். திறந்த கதவு வழியாக மலைக்காற்று உள்ளே புகுந்து, கோப்பின் தாள்களைப் புரட்டி, குழந்தையைச் சுற்றியிருந்த துணியைத் தூக்கியது. குழந்தை முகத்தைச் சுளித்தது.

செல்லியம்மாள் முந்தானையால் அதை மூடி மார்போடு அணைத்துக்கொண்டார். வந்திருந்தவர்களை மேலும் கீழும் பார்த்தார்.

"அளவெல்லாம் அப்பறம் எடுத்துக்கலாம். கதவ சாத்திட்டுப் போங்கம்மா. புள்ளைக்குக் குளுருது."